வடிவு சொன்ன பல்லி

டிக். பகவதி அத்தையின் இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே ஒரு பேன் உயிரை விட்டது. அந்த டிக்கை வடிவால் அச்சு அசலாகச் செய்ய முடியும். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டவைத்து வெடுக்கென்று பிடுங்கினால் பேன் நசுங்குவது. அதையே கொஞ்சம் உள்ளே தள்ளி அண்ணத்தில் வைத்தால் லைட் சுவிட்ச். இன்னும் உள்ளே போனால் தவளை. கன்னத்தோரம் ஒதுக்கி, எச்சில் ஈரத்தோடு மூன்று தரம் உறிஞ்சி இழுத்தால், சரி வேண்டாம், அங்கே போக வேண்டாம், பேனோடு நின்றுகொள்வோம். பின்வாசலில் மேல்படியில் அத்தை, கீழ்ப்படியில் வடிவு. அத்தையின் முழங்கால்கள் இரண்டும் அவள் இரண்டு காதுக்கும் முட்டுக்கொடுத்திருந்தன. முடியெல்லாம் முகத்துக்கு முன்னால் விழுந்துகிடக்க, உலகம் கறுப்புக் கோடு போட்ட துணியாகத் தெரிந்தது: ஒரு கோட்டில் துவைக்கிற கல், அடுத்த கோட்டில் கொடியில் தொங்கும் அப்பாவின் காக்கிச் சட்டை, அதற்கடுத்ததில் கொய்யா மரத்தின் கால்வாசி. அத்தை தன் மடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்திருந்தாள். பேன் சீப்பு உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் வரட்டு வரட்டென்று உழுதுகொண்டு இறங்கும்போது கண்ணில் நீர் கட்டியது. சுகம் என்றும் சொல்லலாம், வலி என்றும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து பேட்டைத் தெரு முழுக்க ஒரே குறட்டையாய்க் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து டீ போடுவாள். டீ போடுகிற நேரத்துக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வரும். அப்பா எடுப்பார். எடுத்து, ‘இல்லங்க, தோதுப்படல’ என்பார். அதற்குள் சொல்லியாக வேண்டும். அன்றைக்குச் சொன்னது பல்லி இல்லை அத்தை, நான். இவ்வளவுதான். ஒரு மூச்சுக்குக் காணாது. இதைவிட நீள நீள வசனமெல்லாம் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், ஹெட்மிஸ்ட்ரஸ் முதுகுக்குப் பின்னாலேயே நின்று பேசியவள் அவள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றின பிறகு ஹாலில் கூடியிருந்தார்கள். கூட்டம் என்றால் அப்பா, அம்மா, அத்தை. வடிவு அதில் சேர்த்தி இல்லை. சோபாவுக்குப் பின்னால் தரையில் குப்புறப் படுத்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள், அதாவது புத்தகம் திறந்திருந்தது. ராமலிங்கம் மாமா லாரியில் அடிபட்டுப் போனதிலிருந்து அஞ்சு வருஷமாக அத்தை இந்த வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒருத்தர், சிதம்பரநாதன் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், அவருக்கும் பெண்டாட்டி இல்லை, அவருடைய அக்கா வந்து அத்தையைக் கேட்டிருந்தாள். அம்மாவுக்குச் சம்மதம். அத்தை வாயைத் திறக்கவில்லை. அப்பா மின்சார வாரியத்து ஆள். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் பச்சைத்தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். தொண்டையைச் செருமினார். “எனக்கு என்ன தோணுதுன்னா...” என்று ஆரம்பித்தார். அந்த ‘எனக்கு என்ன தோணுதுன்னா’ வடிவுக்குக் கைவந்த சரக்கு, ‘தோணுது’வில் ஒரு இழுப்பு, ‘ன்னா’வில் ஒரு பெருமூச்சு, அதை வைத்து அடுக்களையில் இருக்கும் அம்மாவை எத்தனை தரம் ஹாலுக்கு ஓடிவர வைத்திருக்கிறாள். “எனக்கு என்ன தோணுதுன்னா, நம்ம பகவதிக்கு இது ஒத்துவராதோன்னு...” அந்த இடத்தில்தான் பல்லி சொன்னது. ச்சு ச்சு ச்சு. பல்லி சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் பேசினது மெய். கேட்டவர்கள் கைக்கெட்டினதில் ஆள்காட்டி விரலால் மூன்று தட்டுத் தட்டி ஆமா சாமி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா சோபாக் கைப்பிடியில் தட்டினார். அம்மா தரையில் தட்டினாள். அத்தை தன் முழங்காலிலேயே தட்டிக்கொண்டாள், அதை சோபாவின் இடுக்கு வழியாக வடிவு பார்த்தாள், பார்த்துவிட்டு சிரிப்பை அடக்க மாட்டாமல் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் முனையைக் கடித்தாள். “தெக்கேருந்துலா சொல்லுச்சு?” என்றாள் அம்மா. “ஆமா, தெக்குதான்” என்றார் அப்பா, தெற்கு என்பது வடிவின் வாய். அம்மா எழுந்து காலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்டிருக்கிற இடத்தைத் தேடினாள். தெற்குக்கு ஏதோ தடை என்று போட்டிருந்தது. “பாத்தியளா” என்றாள், சம்மதமாய் இருந்த அம்மாவே. அத்தை எழுந்து உள்ளே போனாள். புத்தகத்தில் பல் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது, அமிலங்கள் காரங்கள் பக்கத்தில்.

“ஏட்டி, தலைய ஆட்டாத. கழுத்துல என்ன ஸ்பிரிங்கா வச்சிருக்க?” அத்தை உச்சியில் ஒரு தட்டுத் தட்டினாள். “எங்கேருந்துதான் புடிச்சிட்டு வந்தியோ. பேனா இது, ஆடு மாதிரி மேயுது.” எங்கேருந்து என்றால் ஜெர்லினிடமிருந்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து தலையோடு தலை முட்டிச் சிரித்ததில் வந்தது. வெள்ளிக்கிழமை பல்லி, சனிக்கிழமை தலை அரிப்பு. நேற்று அரிக்க ஆரம்பித்த மாத்திரத்தில் வடிவுக்கு ஒரு குளிர்ந்த சந்தோஷம் வந்தது: சரி, வந்தாச்சு, செய்த வினைக்குத் தண்டனை கையோடு வந்தாச்சு, பேனோடு போச்சு. டிவியில் காலையில் ராசிபலன் சொல்கிற ஜோசியர் குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: ‘கன்னி ராசி நேயர்களே, செய்த கர்மவினை சிரசில் ஏறும் காலமிது.’ ஆனால் அத்தை முதல் இழுப்பிலேயே சீப்பைப் பார்த்துவிட்டு, “இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, குடும்பம் குட்டின்னு பத்து நாளா இருக்கு” என்று சொன்னதும் அந்தக் கணக்கு உடைந்துபோயிற்று. பாவம் வெள்ளிக்கிழமை, தண்டனை அதற்கு முந்தின வாரமே வந்து தலையில் குடித்தனம் இருக்க முடியுமா? முன்பணம் மாதிரியா? அப்படியானால் இந்தப் பேன் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பி.டி. மிஸ்ஸுக்குப் போன் போட்டு ‘கிரவுண்டுல பாம்பு’ என்று சொன்னதற்காக இருக்கலாம். இல்லை, பழைய பேப்பர்க்காரன் குரலில் மத்தியானத்தில் தெருவையே எழுப்பினதற்கு. இல்லை, டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டக்டர் குரலில் ‘ஜங்ஷன் எல்லாம் இறங்கு’ என்று கத்தினதில், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி வெயிலில் நடந்தாளே, அதற்கு. அந்தப் பெண்ணின் மஞ்சள் சேலை திடீரென்று முடிக்கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றது. அன்றைக்கு அது சிரிப்பாய் இருந்தது. ஜெர்லின் பஸ்ஸிலேயே உருண்டாள். எதற்கும் எதுவும் திரும்பி வந்ததில்லை. அதனால் கர்மா என்பது இல்லை என்று வடிவு எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். இருந்தால் அவளுக்கு இந்நேரம் நாக்கு அழுகி விழுந்திருக்க வேண்டும். நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் புண். நேற்று இருந்ததா? மிளகாய்ப்பொடி தோசையா, கர்மாவா?

டிக். “அத்த.” “என்னட்டி.” இப்போது சொல்லிவிடலாம். “பேனக் கொன்னா பாவமா அத்த?” நாக்கு அதுவாகவே வேறு தண்டவாளத்துக்கு மாறிக்கொண்டது. “பாவம்னு பாத்தா உன்ன மொட்டையில்லா அடிக்கணும்” என்றாள் அத்தை. “இல்ல, நெசமாத்தான் கேக்கேன். அதும் ஒரு உயிர்தான?” “உயிர்தான். போன பிறவில அது என்ன செஞ்சிதோ, என் நகத்துல சாகணும்னு இருக்கு. நான் என்ன செஞ்சேனோ, ஞாயித்துக்கிழமை படுத்துத் தூங்காம உன் பேனப் பாக்கணும்னு இருக்கு.” “நான் என்ன செஞ்சேன்?” “நீ என்ன செஞ்சியோ, அது உனக்குத்தான தெரியும்.” சும்மா சொன்னதுதான். அத்தை எப்போதும் இப்படித்தான் பேசுவாள். ஆனால் வடிவுக்கு இரண்டு காதும் சூடேறின. அத்தையின் முழங்காலுக்கு அந்தச் சூடு தெரிந்துவிடுமோ என்று தலையை ஒடுக்கிக்கொண்டாள். “ஆட்டாதன்னு சொன்னேன்லா.” அடுக்களையில் ஏதோ பாத்திரம் நகர்ந்தது. அம்மா எழுந்துவிட்டாளா? இல்லை, பூனையாக இருக்கும். பூனையாக இருக்கட்டும். பூனைக் குரலும் வடிவுக்கு வரும், மூன்று பூனை, ஒன்று கர்ப்பமாக இருப்பது. எல்லாக் குரலும் வரும், இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எந்தக் குரலை எடுப்பது என்று தெரியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் சொன்னால் அத்தை சிரிப்பாள். சீரியல் மருமகள் குரலில், ‘என்னை மன்னிச்சிடுங்க அத்தை’ என்றால் இன்னும் சிரிப்பாள். சிரித்துவிட்டால் சொன்னதாகவே ஆகாது.

அந்தப் பல்லி செத்துப்போனதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வீட்டில் நிஜப் பல்லி ஒன்று இருந்தது, ஹால் டியூப் லைட்டுக்குப் பின்னால், வால் மொட்டையாகி மறுபடி முளைத்தது. வடிவுக்கு வாத்தியாரே அதுதான். அது சொல்லச் சொல்ல இவள் கேட்டுக் கேட்டு, ஒரு விடுமுறை முழுக்கச் சாதகம் பண்ணினாள். சனிக்கிழமை காலையில் அம்மா வாசல் கதவைத் திறக்கும்போது கீல் இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துக்கொண்டே, “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுத பல்லி கழுநீர்ப் பானைல விழுந்து சாகுமாம்னு சும்மாவா சொன்னாக” என்றாள், ஏதோ அதன் திமிரை முன்பே கவனித்து வைத்திருந்தவள் மாதிரி. வடிவு பல் தேய்த்துக்கொண்டு நின்றவள் நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள். அது ஒரு சொல்லும் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை முழுக்க அது டியூப் லைட்டுக்குப் பின்னால் கொசுவைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்தது. சொன்னது இவள், செத்தது அது. அப்படியென்றால் மேலே இருந்து பார்க்கிறவருக்கு ஆள் தெரியாதா, குரல் மட்டும்தான் கேட்குமா? பல்லிக் குரலில் செய்த பாவம் பல்லி தலையில் என்றால், கண்டக்டர் குரலில் செய்தது அந்தக் கண்டக்டர் தலையில் விடிந்திருக்குமா? அந்த ஆளை அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் பார்க்கவே இல்லையே. ரூட் மாறியிருப்பார். மாறித்தான் இருப்பார். அப்பா குரலில் செய்ததெல்லாம் அப்பாவுக்கா? அப்பா நாளைக்குக் கம்பத்தில் ஏறுவார். சரி, அப்படியே எமன் கூப்பிட்டாலும் எந்தக் குரலில் கூப்பிடுவான்? பஸ் ஸ்டாண்டு மைக் குரலில்தான் கூப்பிடுவான், வேறு எப்படி: ‘பேட்டை வடிவு எங்கிருந்தாலும் உடனடியாக நேரக்காப்பாளர் அறைக்கு வரவும்.’ போய் நின்றால், எமன் கேட்பான்: ‘இதில் உன் குரல் எது?’ இவள் வாயைத் திறப்பாள். ஹெட்மிஸ்ட்ரஸ் வரும். அப்பா வரும். பல்லி வரும். வரிசையாக எல்லோரும் வந்து, எல்லோருக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு இவள் மட்டும் கையை வீசிக்கொண்டு வெளியே வருவாள். இது அவளுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து, ஏப்பமாகித் திரும்பிப் போயிற்று.

விளையாட்டுக்குத்தான் செய்தாள். அதில் சந்தேகமே இல்லை. விளையாட்டுக்கா? விளையாட்டுக்குத்தான். அப்படியானால் அம்மா ‘நல்ல எடம்ங்க’ என்று சொன்னபோது ஏன் பல்லி சொல்லவில்லை? அப்போது வாய் வறண்டிருந்தது. அப்பா சொன்னபோது எப்படி ஈரமாயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்பது யார் என்று தெரியவில்லை. குரலே இல்லாமல் கேட்கிறது. குரல் இருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பாள். அப்பா ‘எனக்கு என்ன தோணுதுன்னா’ என்று ஆரம்பித்தால் பின்னால் வருவது எப்போதும் வேண்டாம்தான். டூருக்கு, செல்போனுக்கு, நாய்க்குட்டிக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்து, நாக்கைக் கன்னத்தோரம் ஒதுக்கி, காத்துக்கொண்டு கிடந்தாள், கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு மேலே, பல்லி கொசுவுக்குக் காத்துக் கிடக்கிற மாதிரி. ஏன் என்றால், அதற்கு முந்தின ஞாயிறு. டிராயிங் மாஸ்டர் வந்திருந்தார், அக்காவோடு. குட்டையாய், உள்ளங்கையெல்லாம் பென்சில் கரியாய். குரல் மட்டும் குக்கர் சீட்டியடிக்கப் போகிறதற்கு முந்தின நிமிஷம் மாதிரி மேலே மேலே ஏறி, ஏறி, சீட்டியடிக்காமலே இறங்கிவிடும். ‘கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா’ என்று அவர் கேட்டபோதே வடிவுக்கு உள்ளே விருந்து பரிமாறின மாதிரி இருந்தது. அவர்கள் தெருமுனை திரும்புகிறதற்குள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தைக்கு முன்னால் நின்று அவரைச் செய்தாள். அஞ்சு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் நடக்கிற கச்சேரி அது. கேட்பதற்கு அத்தை ஒருத்திதான். மாமா செத்து, இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த அத்தையை முதல்முதலாகச் சிரிக்க வைத்தது இவள்தான், பால்காரர் குரலில். அத்தை சிரித்தால் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, ‘ஏட்டி போதும், மூதி, வயிறு வலிக்கு’ என்று கும்பிடுவாள். அன்றைக்கும் சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, வடிவின் முகத்தைப் பார்க்காமல், “அவர மட்டும் செய்யாதட்டி” என்றாள். அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. ஒரு பெரிய வீட்டில் எல்லா அறையும் உனக்குத்தான், இந்த ஒன்றை மட்டும் திறக்காதே என்று சொன்ன மாதிரி. அந்த நிமிஷமே வடிவுக்குத் தெரிந்துவிட்டது, அத்தை போய்விடுவாள். விளையாட்டுக்குத்தானா? இல்லை. இல்லை. சரி, இல்லை.

உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தம். அதற்கப்புறம் இஞ்சி நசுங்குகிற சத்தம், ணக் ணக். டீ. “அத்த, விதின்னு ஒண்ணு நெசமாவே உண்டா?” குரல் கிறீச்சென்று வந்தது. சீப்பு நின்றுவிட்டது. இரண்டு கையும் வடிவின் தலைமேல் சும்மா கிடந்தன, கனமாக. “உண்டான்னு எனக்கும் தெரியாம இருந்துது” என்றாள் அத்தை. “வெள்ளிக்கிழம தெரிஞ்சிட்டு.” வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “உங்கப்பா ஒத்துவராதுன்னு சொன்னாகளே, அதுக்குப் பல்லி சொன்னதா அவுக நினைச்சிட்டிருக்காக. நான் அவுக பேச்சயே கேக்கலட்டி. நான் மனசுக்குள்ள வேற ஒண்ணு கேட்டுட்டு இருந்தேன். உங்க மாமா போன அன்னைக்குக் காலைல அவுக ஹெல்மெட்ட நான்தான் ஒளிச்சு வச்சேன். அரிசி டிரம்முக்குள்ள. சும்மா, வெளாட்டுக்கு. அவுக அதப் போட்டா மண்டை பனங்காய் மாதிரி இருக்கும், நான் கேலி பண்ணுவேன், அவுக தொரத்துவாக. அன்னைக்குத் தேடு தேடுன்னு தேடுனாக. கட்டிலுக்கடில, பீரோவுக்கு மேல. நான் அங்ஙன நின்னு சிரிச்சிட்டே இருக்கேன். கடைசில அவுகளும் சிரிச்சிட்டு, போடின்னு சொல்லிட்டுப் போயிட்டாக. அடி தலைல இல்ல, நெஞ்சுலதான், டாக்டர் சொன்னாரு. ஹெல்மெட் இருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னாரு. ஆனா தேடுன நேரம்? தேடாம போயிருந்தா அந்த லாரி வாறதுக்கு மின்னாடியே பைபாஸத் தாண்டியிருப்பாகல்லா. இத ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. இதான் ஓடிட்டே கிடக்கு. வெள்ளிக்கிழம உங்கப்பா பேசையில, சாமி, என் வெளாட்டுதான் அவுகளக் கொன்னுதான்னு கேட்டேன். கேட்டு முடிக்கல, பல்லி சொல்லிட்டு.” அத்தை மூக்கை உறிஞ்சினாள். “அதான் நானும் தட்டிட்டேன். இன்னொரு மனுசனுக்கு அந்தக் கதி வேண்டாம். சரி, தலையக் குனி.” சீப்பு மறுபடி உச்சியில் இறங்கியது.

வரட். வரட். வடிவுக்கு வலிக்கவில்லை. தலை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் இப்போது பார்த்தால் பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. அத்தை கோவிலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறாள், சோபாவுக்குப் பின்னால் இருந்து இவள் பதில் சொல்லியிருக்கிறாள். ஆமாம், நீதான் கொன்றாய் என்று. மூன்று தரம். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் புத்தகத்தைக் கடித்திருக்கிறாள். அத்தை தன் முழங்காலைத் தட்டிக்கொண்ட அந்த விரல், ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றாவது தட்டில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது, அது இப்போது ஞாபகம் வருகிறது, அன்றைக்கே கண்ணில் பட்டதுதான், பட்டும் சிரித்தாள். மாமா ஹெல்மெட்டைத் தேடுகிறார். கட்டிலுக்கடியில். அத்தை சிரிக்கிறாள். இந்த அத்தையே அந்த அத்தை, இடையில் ஒரு லாரி. விளையாட்டு வினையாகும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் போர்டில் எழுதிப் போடுவாள், வடிவு அதையும் அவள் குரலிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறாள். கர்மா என்று ஒன்று இருக்கிறதா? அது தெரியாது. மேலே இருந்து ஒருத்தரும் பார்க்காவிட்டாலும், இந்த ஒன்று மட்டும் நிச்சயம்: சோபாவுக்குப் பின்னால் எச்சில் ஊறினது, இங்கே ஒரு மனுஷி அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டாள். சொல்லு. இப்போதே சொல்லு. அத்த, என்று வாயைத் திறந்தாள், காற்று வந்தது. மறுபடி திறந்தாள், அதற்கும் காற்றுதான். டீ கொதிக்கிற வாசனை பின்வாசலுக்கு வந்துவிட்டது. ஹாலில் போன் அடித்தது.

அப்பா இருமிக்கொண்டே எழுந்து போவது, செருப்பைத் தேடுவது, செருப்பில்லாமலே போவது எல்லாம் கேட்டது. “ஆங், வணக்கம்மா, வணக்கம். சாப்டாச்சு. அங்ஙன மழை உண்டுமா? இங்க பொட்டுத் தண்ணி இல்ல.” அத்தையின் கை நிற்கவில்லை, ஆனால் சீப்பு ஒரே இடத்தையே மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் பேன் இல்லை, அந்த இடம் எரிந்தது. “தம்பி நல்லா இருக்காகளா. ஆமாமா. அது, நாங்களும் வீட்ல உக்காந்து பேசினோம்...” அப்பா தொண்டையைச் செருமினார். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். சொல் வராது. சொல் அவளிடம் இல்லை. அவளிடம் இருப்பது ஒன்றுதான். நாக்கு கன்னத்தோரம் போய் ஒதுங்கியது. வாய் உமி மாதிரி வறண்டு கிடந்தது. புண் பட்ட இடத்தைப் பல்லால் கடித்தாள், வலியில் கொஞ்சம் எச்சில் ஊறிற்று. “எனக்கு என்ன தோணுதுன்னா...” என்றார் அப்பா.

ச்சு ச்சு ச்சு.

அடுக்களையில் அம்மா கரண்டியால் டீப் பாத்திரத்தைத் தட்டினாள், டிங் டிங் டிங், மூன்றையும் சிந்தாமல் சிதறாமல். அத்தையின் விரல் தட்டுவதற்கு வேறு இடம் தேடவில்லை. வடிவின் உச்சந்தலையிலேயே தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை. விரல் தலைக்கு மேலே எங்கேயோ நிற்பது வடிவுக்குத் தெரிந்தது, கூரைக்கு மேலே பருந்து நிற்பது கோழிக்குத் தெரிகிற மாதிரி. நாக்கைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை, எடுக்கக் கூடாது. முடித்திரைக்குள் அத்தையின் கை நுழைந்தது. நெற்றியைத் தடவி, மூக்கைத் தாண்டி, கன்னத்துக்கு வந்தது. நெல்லிக்காய் ஒதுக்கின மாதிரி அங்கே நாக்கு புடைத்துக்கொண்டிருந்தது. விரல் அந்தப் புடைப்பை மெல்ல அமுக்கிப் பார்த்தது. விட்டது. இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தது. கை கன்னத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. “வெள்ளிக்கிழமையுமா?” என்றாள் அத்தை. வடிவு தலையை ஆட்டினாள். ஆட்டாதே என்று அத்தை சொல்லவில்லை. கை வெளியே போயிற்று. அப்புறம் மூன்றாவது வந்தது. மடக்கின விரலால், முட்டி எலும்பால், உச்சந்தலையின் நட்டநடுவில், ணங்கென்று. கண்ணுக்குள் கொய்யா மரம் முழுசாக ஒரு தரம் வெள்ளையாய்ப் பூத்து அடங்கியது.

“அண்ணே!” அத்தை எழுந்துவிட்டாள், முழங்கால்கள் விலகின இடத்தில் இரண்டு காதிலும் காற்று குளிர்ந்தது. “ஒண்ணும் சொல்லிராதிய. போன அப்பிடியே வச்சிட்டு இருங்க, நான் வாரேன்.” வேட்டியை உதறவில்லை, சீப்பைக் கீழே வைக்கவில்லை. வாசல்படியில் நின்று திரும்பினாள் என்று மட்டும் தெரிந்தது, முடிக்கு வெளியே முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை, நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. “எந்திரிக்காத. மூதி. வந்து மிச்சத்தப் பாக்கேன்.” மிச்சம் என்றால் பேனா, வேறெதுவுமா என்று அந்தக் குரலில் இல்லை. காலடி ஹாலுக்குப் போயிற்று. அப்பா, “என்னளா, என்ன ஆச்சு?” என்றார். அம்மா கரண்டியோடு வந்து நின்றிருப்பாள். “அக்கா, நான் பகவதி பேசுதேன்” என்றது உள்ளே. “அவுக பக்கத்துல இருக்காகளா? குடுங்க. இல்ல, முடிவெல்லாம் பொறவு. அதுக்கு மின்ன அவுககிட்ட நான் ஒரு விசயம் சொல்லணும். எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு நடந்தது.” அதற்கு மேல் குரல் தாழ்ந்துவிட்டது. வடிவு காதைத் தீட்டினாள். அத்தையின் தும்மல், அத்தையின் கொட்டாவி, அத்தை சாமி கும்பிடும்போது முனகுவது, எல்லாம் அவளிடம் உண்டு; இந்தக் குரல் இல்லை. உதட்டைக் குவித்துப் பார்த்தாள், நாக்கை இறக்கிப் பார்த்தாள், சத்தமில்லாமல் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். எட்டவில்லை. உச்சந்தலை விண்விண்ணென்று தெறித்தது. கீழ்ப்படியில் நழுவிக் கிடந்த வேட்டியில் நகத்துக்குத் தப்பின பேன் ஒன்று ஓரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. வடிவு அதன்மேல் நகத்தைக் கொண்டுபோனாள். விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதையும் அத்தை வந்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று, குனிந்த தலை குனிந்தபடி, முடி முகத்தில் விழுந்துகிடக்க, அங்கேயே இருந்தாள்.